1,500 சொல் வேண்டும் என்று யார் சொன்னது?



பதிவு கொஞ்சம் நீளம். பாதி படித்துவிட்டு "அருமை ஐயா" என்று போடுகிறவர்களை, விடைத்தாள் திருத்திய கண் எளிதில் கண்டுபிடித்துவிடும். எச்சரிக்கை.

இன்று சண்டை போடுவதற்காகவே எழுதுகிறேன். கடைக்காரர்களின் இணையதளங்களைக் கூகுளில் மேலே கொண்டுவருகிறோம் என்று தொழில் நடத்துகிறவர்களோடு சண்டை. அவர்களில் ஏழெட்டுப் பேர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். ஒருவன் என் அண்ணன் மகன். இதைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்வான். பொங்கலுக்கு வரும்போது பேசிக்கொள்கிறோம்.

அவர்கள் தொழிலில் ஒரு சொல் இருக்கிறது: தின் கன்டென்ட். மெலிந்த உள்ளடக்கம். பக்கத்தில் சரக்கு இல்லை, வந்தவருக்கு ஒன்றும் கிடைக்காது, ஆகவே தேடுபொறி அதைப் பின்னால் தள்ளிவிடும் என்று அர்த்தம். நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் ஊர்க் கடைகளும் பட்டறைகளும் டியூஷன் சென்டர்களும் வைத்திருக்கும் தளங்களைத் திறந்து பாருங்கள். "எங்களைப் பற்றி" என்று இரண்டு வரி. "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்று ஒரு வரி. ஒரு செல்போன் எண். தீர்ந்தது. இது மெலிவுதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். என் வழக்கு அவர்கள் விற்கும் மருந்தைப் பற்றியது. மெலிந்த பக்கத்துக்கு அவர்கள் கொடுக்கும் மருந்து வெறும் தண்ணீர்.

காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் 30 கட்டுரைகளை எனக்கு அனுப்பினார். "சார், எழுத்துப்பிழை மட்டும் பாத்துக் குடுங்க, போதுங்க" என்றார். ஒரு நிறுவனம் அவர் தளத்தை ஆராய்ந்து, பக்கத்துக்கு 1,500 சொல் இருந்தால்தான் கூகுள் மதிக்கும் என்று அறிக்கை கொடுத்து, முன்பணமும் வாங்கி, இந்தக் கட்டுரைகளை எழுதிக் கொடுத்திருந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இதே மாதிரி அறிக்கையை வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒரே அச்சு.

எழுத்துப்பிழை அதிகம் இல்லை. பிழை வேறு இடத்தில் இருந்தது.

முதல் கட்டுரை கடலெண்ணெய் பற்றியது. ஆதிமனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததில் தொடங்குகிறது. எண்ணெய் நம் வாழ்வில் இன்றியமையாதது என்று ஒரு பத்தி. இன்றியமையாத பொருள்களில் எண்ணெய் முக்கியமானது என்று அடுத்த பத்தி. "காங்கேயம் மரச்செக்கு கடலெண்ணெய்" என்ற தொடரைப் பென்சிலால் வட்டமிட்டு எண்ணினேன்: 27 இடம். ஒரே வாக்கியத்தில் இரண்டு முறை வந்த இடமும் உண்டு. 1,500 சொல்லையும் படித்து முடித்தால், அந்தச் செக்கில் எண்ணெய் எப்படி ஆட்டுகிறார்கள் என்பதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. எழுதியவர் செக்கைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை.

அடுத்து ஊர்ப் பக்கங்கள். தாராபுரம், பல்லடம், வெள்ளகோவில், பெருந்துறை என்று 12 ஊருக்கு 12 கட்டுரை. ஊர்ப்பெயரைத் தவிர ஓர் எழுத்து மாறவில்லை. தாராபுரம் கட்டுரையில் "பல்லடம் மக்களின் நம்பிக்கையைப் பெற்ற" என்று ஓரிடத்தில் மாற்ற மறந்திருந்தார்கள். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதும்போது அவன் பதிவெண்ணையும் சேர்த்து எழுதிய மாணவன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். அவனும் இதைப் படித்துக்கொண்டிருப்பான். சிரிக்காதே, நீதான்.

இதுவரை சொன்னதெல்லாம் வெறும் அசட்டுத்தனம். மன்னித்துவிடலாம். மீதிக் கட்டுரைகளை மன்னிக்க முடியாது. நல்லெண்ணெய் சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று ஒன்று. தேங்காய் எண்ணெய் புற்றுநோயை அழிக்கும் என்று ஒன்று. எங்கள் கடலெண்ணெயில் மட்டுமே கொலஸ்ட்ரால் இல்லை என்று ஒன்று. தாவர எண்ணெய் எதிலுமே சொல்லும்படியான கொலஸ்ட்ரால் கிடையாது. பாக்கெட்டில் வரும் ரீபைண்ட் எண்ணெயிலும் கிடையாது. கொலஸ்ட்ரால் இல்லை என்பதாலேயே எண்ணெயை ஊற்றித் தாளிக்கலாம் என்றும் இல்லை. எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். தேங்காய் எண்ணெயில் நிறைகொழுப்புதான் மிகப் பெரும் பங்கு. இதையெல்லாம் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஆசிரியரிடம் கேட்டாலே சொல்லிவிடுவார். 1,500 சொல்லை நிரப்பியாக வேண்டும், சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்றால் பொய்தான் வந்து நிரப்பும்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நம் சொந்தத்தில் ஒருவர், பெயர் சொல்லப் போவதில்லை, எண்ணெய் விற்கிற தளம் ஒன்றில் இப்படிப் படித்துவிட்டு, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுக் காலையில் நல்லெண்ணெய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்தப் பக்கத்தை எழுதியவருக்கு இவர் முகம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது எல்லாம் இந்த மாதம் 30 கட்டுரை முடிக்க வேண்டும் என்பதுதான்.

சரி, இந்த 1,500 எங்கிருந்து வந்தது? கூகுளா சொன்னது? இல்லை. தளம் நடத்துகிறவர்களுக்காகக் கூகுள் வெளியிட்டிருக்கும் வழிகாட்டுதலிலேயே, எங்களுக்குப் பிடித்த சொல் எண்ணிக்கை என்று ஒன்றும் கிடையாது என்று வெளிப்படையாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், இலவசம். ஆனால் படித்துவிட்டால் 1,500 சொல் கணக்கில் பேக்கேஜ் விற்க முடியாது.

நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். முதலிடத்தில் வரும் பக்கங்களை எடுத்து யாரோ சொற்களை எண்ணினார்கள். நிறையப் பக்கங்கள் நீளமாக இருந்தன. ஆகவே நீளத்தால்தான் மேலே வந்தன என்று முடிவு கட்டிவிட்டார்கள். பரீட்சை ஹாலில் இதைப் பார்த்திருக்கிறேன். நன்றாகப் படிக்கிற பெண் எழுந்து கூடுதல் தாள் கேட்பாள். அவளுக்கு எழுதுவதற்கு விஷயம் இருந்தது, தாள் போதவில்லை. அதைப் பார்த்துவிட்டுப் பின் பெஞ்சில் நான்கு பேர் கூடுதல் தாள் வாங்குவார்கள். வாங்கிய தாளை நிரப்ப எழுத்தைப் பெரிதாக்குவார்கள், வினாவையே மூன்று முறை விடையாக எழுதுவார்கள், வரிக்கு வரி இடம் விடுவார்கள். தாள் எடைக்கு மார்க் போடுவதாக ஒரு வதந்தி எல்லாப் பள்ளியிலும் உண்டு. இப்போது அந்த நான்கு பேரும் அந்த வதந்தியை மாதச் சந்தாவுக்கு விற்கிறார்கள்.

சொற்களை அள்ளிப் போட்டு ஏமாற்றும் வேலையைக் கூகுள் இன்று நேற்றா எதிர்க்கிறது? பக்கத்தின் தலைப்பகுதியில் கண்ணுக்குத் தெரியாமல் கீவேர்டு பட்டியல் வைப்பார்களே, அதை வரிசைப்படுத்தக் கணக்கில் எடுப்பதே இல்லை என்று 2009 செப்டம்பரில் அறிவித்தார்கள். என் மாணவருக்கு வந்த பில்லில் "மெட்டா கீவேர்டு" என்று தனியாக ஒரு தொகை இருந்தது! 2011 பிப்ரவரியில் பாண்டா என்று ஒரு பெரிய மாற்றம் கொண்டுவந்தார்கள். கரடியின் பெயர் இல்லை அது, நவ்நீத் பண்டா என்ற கூகுள் பொறியாளரின் பெயர். எதை யார் தேடினாலும் அதற்கு ஒரு கட்டுரை என்று ஆள் வைத்து எழுதிக் குவித்த கட்டுரை ஆலைகளுக்கு எதிராக வந்த மாற்றம். அமெரிக்காவில் ஏறக்குறைய 12 சதவீதத் தேடல்களின் முடிவு மாறிப்போனது. மெலிந்த பக்கம் என்ற பேச்சு எங்கும் பரவியதே அப்போதுதான். ஊருக்கு ஒரு பக்கம் போடும் வித்தைக்கு வாசல் பக்கங்கள் என்று பெயர் வைத்து 2015 மார்ச்சில் இறுக்கினார்கள். 2022 ஆகஸ்டில், மனிதருக்கு உதவாமல் தேடுபொறிக்காகவே எழுதிய பக்கங்களைக் கீழே தள்ளும் ஏற்பாடு வந்தது. அதே வருடம் டிசம்பரில், தேடல் முடிவுகளை மதிப்பிடுகிறவர்களுக்குத் தரும் வழிகாட்டியில், எழுதியவருக்கு அந்த விஷயத்தில் நேரடி அனுபவம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். 2024 மார்ச்சில், மொத்தமாக உற்பத்தி செய்த பயனற்ற பக்கங்களை இயந்திரம் எழுதினாலும் மனிதன் எழுதினாலும் ஒரே குற்றமாகத்தான் பார்ப்போம் என்று விதி வைத்தார்கள்.

கூகுளுக்கு வக்காலத்து வாங்கவில்லை. அவர்கள் விளம்பரம் விற்கிற வியாபாரிகள், அவர்கள் மேல் எனக்குத் தனிக் கோபங்கள் உண்டு. நான் சொல்வது இதுதான்: எதை ஒழிக்க அவர்கள் பத்துப் பதினைந்து வருடமாகச் சட்டம் போடுகிறார்களோ, அதையே "கூகுளுக்குப் பிடிக்கும்" என்று சொல்லி நம் செக்குக்காரரிடம் காசு வாங்குகிறார்கள்.

தமிழாசிரியன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நூலுக்கு வரும் பத்துக் குற்றங்களைப் பவணந்தி முனிவர் நன்னூலில் அடுக்கியிருக்கிறார். 13ஆம் நூற்றாண்டு. பதினொன்றாம் வகுப்பில் பாயிரம் நடத்தும்போது கொட்டாவி விட்டவர்கள் இப்போதாவது கேளுங்கள். சொல்ல வேண்டியதைவிடக் குறைவாகச் சொல்வது குற்றம், அது குன்றக் கூறல். உங்கள் தின் கன்டென்ட் இதுதான். தேவைக்கு மேல் சொல்வதும் குற்றம், அது மிகைபடக் கூறல். சொன்னதையே சொன்னால் கூறியது கூறல், அதாவது உங்கள் 27 கீவேர்டு. பொருள் இல்லாமல் சொற்களை மட்டும் தொடுத்துக்கொண்டு போவது வெற்றெனத் தொடுத்தல், அதாவது ஆதிமனிதனும் நெருப்பும். முதல் குற்றத்துக்குப் பரிகாரமாக மற்ற மூன்றையும் செய்யலாம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

மெலிவு என்பது நீளத்தில் இல்லை. ஒரு பல் மருத்துவரின் பக்கத்தில், எந்த நாள் எந்த நேரம் இருப்பார், சக்கர நாற்காலி உள்ளே வருமா, முதல் தடவை வரும்போது எதைக் கொண்டுவர வேண்டும் என்று ஆறு வரி இருந்தால் அது கொழுத்த பக்கம். பல்லின் வரலாறு 3,000 சொல்லில் இருந்து, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்பது இல்லை என்றால் அது மெலிந்த பக்கம். வந்தவர் எதைத் தெரிந்துகொள்ள வந்தாரோ அதைத் தெரிந்துகொண்டு போனாரா என்பதுதான் அளவு.

செக்கு மாணவர் கதைக்கு வருகிறேன். 30 கட்டுரைகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். பத்து நாள், கடைக்கு வருகிறவர்களும் போனில் கூப்பிடுகிறவர்களும் என்ன கேட்கிறார்கள் என்று அப்படியே ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். அவர்கள் வார்த்தையிலேயே. பத்து நாளில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். கடைக்காரருக்குச் சலித்துப்போன கேள்விகள். ஒன்று கூட அந்த 30 கட்டுரைகளில் இல்லை.

"கடையில லிட்டர் அவ்வளவு கம்மியா விக்குதே, உங்களுது ஏன் இந்த விலை?" இதுதான் அதிகம் பேர் கேட்டது. பதிலை வாயால் சொல்லச் சொன்னேன், நான் எழுதிக்கொண்டேன். ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு இரண்டேகாலிலிருந்து இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். இன்றைக்குப் பருப்பு கிலோ என்ன விலையோ, அதை இரண்டரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஆட்டுக்கூலி, கரண்ட், பாட்டில் சேருங்கள், புண்ணாக்கு விற்று வருகிற காசைக் கழியுங்கள். அதற்குக் கீழே ஒருவர் செக்கு எண்ணெய் விற்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும், எங்களிடம் இல்லை. தேங்காய் எண்ணெய்க்குக் கொப்பரை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இவ்வளவுதான் பதில். ஒரு கணக்கு வாத்தியார் எழுதியது போல நறுக்கென்று இருந்தது. இதைப் படிக்கிற பெண்மணி, இந்தக் கடையில் வாங்காவிட்டாலும், வேறு எங்கே வாங்கினாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பார்.

"பலகாரம் சுடும்போது நுரை பொங்குதே, கலப்படமா?" கலப்படம் இல்லை. செக்கு எண்ணெயில் கொஞ்சம் பசைப்பொருளும் ஈரப்பசையும் தங்கியிருக்கும், ரீபைண்ட் செய்யும்போது அவற்றை எடுத்துவிடுவார்கள். தீயை மிதமாக வைத்து, வாணலியில் பாதிக்கு மேல் ஊற்றாமல் சுடுங்கள். அவருடைய அம்மா ஒரு துண்டு புளியைப் போட்டு எடுப்பாராம், அதையும் எழுதினோம்.

"மார்கழியில தேங்கா எண்ணெ கட்டியாகிப் போச்சு." தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத்தான் செய்யும். வெயிலில் வைத்தால் இளகிவிடும். "அடியில மண்டி நிக்குது." நாலைந்து நாள் வெயிலில் வைத்துத் தெளிய வைத்துத்தான் பாட்டிலில் பிடிக்கிறோம், அப்படியும் கொஞ்சம் நிற்கும். "நல்லெண்ணெயில கருப்பட்டி போடறீங்களாமே, சர்க்கரைக்காரங்க சாப்பிடலாமா?" இது நல்ல கேள்வி. எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டுவது பழைய முறை. கசப்பு தெரியாமல் இருப்பதற்கும் எண்ணெய் நன்றாகப் பிரிவதற்கும் போடுவது. அவர் மேற்கொண்டு மருத்துவம் பேச ஆரம்பித்தார், நிறுத்தினேன். "போடுகிறோம் என்று மட்டும் எழுது. சாப்பிடலாமா என்பதை அவரவர் மருத்துவர் சொல்லட்டும்" என்றேன்.

அவராகச் சொன்ன இரண்டு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கொப்பரை வெள்ளை வெளேரென்று இருப்பதற்குச் சிலர் கந்தகப் புகை போடுவார்கள், அவர் புகை போடாத கொப்பரையைத்தான் வாங்குகிறார், அதனால் நிறம் கொஞ்சம் மங்கல். நிலக்கடலையில் பூஞ்சணம் பிடித்த பருப்பு கலந்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வரும், அதற்காக இரண்டு அம்மாக்கள் உட்கார்ந்து பருப்பைப் பொறுக்குகிறார்கள். அந்த அம்மாக்கள் முறத்தோடு உட்கார்ந்திருக்கும் படத்தை, அவர்கள் சம்மதத்தோடு போடச் சொன்னேன். முன்பு அங்கே வெளிநாட்டுச் சமையலறையில் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருந்தது. செக்கில் இப்போது மாடு கட்டுவதில்லை, மோட்டார்தான். அதையும் எழுதியாயிற்று. எழுத மாட்டேன் என்று கொஞ்ச நேரம் அடம்பிடித்தார்.

14 மெலிந்த பக்கங்கள் இப்போது 5 பக்கம். ஒரே விஷயத்தைப் பேசிய சின்னச் சின்னப் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து, பழைய முகவரிக்கு வருகிறவர்கள் புதிய பக்கத்துக்குத் தானாகப் போகும்படி தளம் செய்த பையன் திருப்பிவிட்டான். ஊர்ப் பக்கங்கள் போடவே இல்லை. எந்த ஊருக்கு என்ன கிழமை வண்டி போகும் என்று ஒரே அட்டவணை. முதலிடம் வந்ததா? இல்லை. "கடலெண்ணெய்" என்று வெறுமனே தேடினால் பெரிய கம்பெனிகள்தான் வரும், அதை எதிர்பார்ப்பதே பேராசை. ஆனால் எண்ணெய் ஏன் நுரைக்கிறது, ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ கடலை என்று தேடுகிறவர்களுக்கு இவர் பக்கம் தெரிய ஆரம்பித்திருக்கிறது. சர்ச் கன்சோல் என்று கூகுள் இலவசமாகவே ஒன்று தருகிறது, என்ன சொல்லைத் தேடியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அதில் பார்க்கலாம். அவர் தன் மகளை வைத்து வாரம் ஒருமுறை பார்க்கிறார். புதிய கேள்வி தென்பட்டால் நோட்டில் எழுதிக்கொள்கிறார்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய இன்னொரு மெலிவு உண்டு. எல்லாவற்றையும் படமாகப் போடுவது. திருவிழா பிளக்ஸ் போல அலங்கார எழுத்தில் விலைப்பட்டியல், முகவரி, வேலை நேரம் எல்லாவற்றையும் ஒரே படத்துக்குள் அடைத்து ஏற்றிவிடுவார்கள். கண்ணுக்கு எழுத்தாகத் தெரிகிறது, தேடுபொறிக்கு அது ஒரு போட்டோ. படத்தில் இருப்பதை அது எழுத்தாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. பழைய பாமினி, வானவில் எழுத்துருவில் தட்டிய கோப்புகளை அப்படியே ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பார்க்கத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகளின் குப்பை. தேடினால் ஜென்மத்துக்கும் கிடைக்காது. தமிழ்நாடு அரசே 2010-ல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் நம் ஆட்கள் பாமினியைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். புதிதாக ஒரு சொல் எழுத வேண்டாம், இருப்பதை யூனிகோடில் தட்டிப் போட்டாலே பாதி மெலிவு போய்விடும். இதைச் செய்து கொடுக்கக் கூலி வாங்குங்கள் தம்பிகளா, தாராளமாக வாங்குங்கள், அது வேலை.

அண்ணன் மகனோடு போனில் ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். "சித்தப்பா, நீங்க சொல்றது சரிதானுங்க. ஆனா கஸ்டமருக்கு எழுதத் தெரியாது, பேசறதுக்கு நேரமும் குடுக்க மாட்டாரு. போட்டிக்காரன் நூறு பக்கம் போட்டு மேல வந்துட்டான், நான் அஞ்சு பக்கத்தோட போய் நின்னா எனக்கு யாரு சம்பளம் குடுப்பா?" என்றான். நியாயமான கேள்விதான். ஊதிய பக்கங்கள் மேலே வருவதும் உண்மை. தமிழில் ஒரு விஷயத்துக்கு நல்ல பக்கம் இல்லாதபோது பதரும் மேலே வந்துவிடுகிறது, சில சமயம் மாதக்கணக்கில் நிற்கிறது.

அதனால்தான் இவ்வளவு கோபப்படுகிறேன். ஆங்கிலத்தில் ஒரு பொய்ப் பக்கம் வந்தால், மறுக்கிற பக்கங்களும் பக்கத்திலேயே இருக்கும். தமிழில் போனைப் பார்த்துப் பேசித் தேடுகிற ஒரு பாட்டிக்கு முதலில் வருவதுதான் வேதம், இரண்டாவது சாட்சி கிடையாது. இனிமேல் தேடுபொறிகள் பக்கங்களைக் காட்டுவதோடு நிற்காமல் தாங்களே பதில் சொல்கின்றன. அந்தப் பதிலை இந்தப் பக்கங்களில் இருந்துதான் பொறுக்குகின்றன. இன்றைக்கு நீ நிரப்புவதற்காக எழுதிய ஒரு பொய் வரி நாளைக்கு இயந்திரத்தின் வாயில் உண்மை போல வரும்.

எல்லாரும் செய்கிறார்கள் என்றும் சொல்லாதே என்றேன். 2009, 2010 வாக்கில் கூகுள் நிறுவனமே கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை வைத்து, ஆங்கில விக்கிப்பீடியாவின் நீளநீளக் கட்டுரைகளைத் தமிழாக்கித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றியது. அளவு பார்த்தால் பெரிய லாபம். சம்பளம் வாங்காமல் எழுதிக்கொண்டிருந்த நம் தன்னார்வலர்கள், நடை சரியில்லை, தரம் இல்லை, எங்களுக்குத் தேவையான தலைப்பும் இல்லை என்று எதிர்த்துக் கேட்டார்கள். 2010-ல் போலந்து நாட்டில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் இதைப் பற்றிய விமர்சனத்தையே வைத்தார்கள். காசு வாங்காதவர்கள் கூகுளிடம் கேட்ட கேள்வியை, காசு வாங்குகிறவன் தன் மேலாளரிடம் ஒருமுறையாவது கேட்கலாம்.

கஸ்டமர் நேரம் கொடுக்க மாட்டார் என்பது பாதி உண்மை. அவரிடம் "கன்டென்ட் கொடுங்கள்" என்று கேட்டால் கொடுக்க மாட்டார், அந்தச் சொல்லே அவருக்குப் புரியாது. "நேற்று யார் உங்களிடம் சண்டை போட்டார்கள், எதற்கு?" என்று கேட்டுப் பார். அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார். அதைப் பதிவு செய்து, எழுதி, அவருக்கே படித்துக் காட்டித் திருத்து. இயந்திரத்தை வைத்துக்கொள்வதானால் அவர் பேசியதை ஒழுங்குபடுத்த வைத்துக்கொள், அவர் பேசாததை உற்பத்தி செய்ய வைத்துக்கொள்ளாதே. ஒரு நாள் வேலை. ஒரு நாள் கூலியை இப்போது வாங்குவதைவிட இரண்டு மடங்காகக் கேள். அவன் பதில் சொல்லவில்லை. "பாக்கறேனுங்க சித்தப்பா" என்று வைத்துவிட்டான்.

தளம் வைத்திருக்கிறவர்களுக்கும் சேர்த்து: பணம் கொடுப்பதற்கு முன், எழுதப் போகிறவர் உங்கள் கடைக்கு ஒருமுறையாவது வருவாரா என்று கேளுங்கள். முன்பு எழுதிக் கொடுத்த மூன்று பக்கங்களைக் காட்டச் சொல்லி, தொழில் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். டொமைன் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், சர்ச் கன்சோல் உங்கள் மெயிலில் திறக்க வேண்டும். இரண்டையும் நிறுவனத்தின் கையில் விட்டுவிட்டு, பிரிந்து வரும்போது சொந்தக் கடைப் பெயரை மீட்கப் பணம் கட்டியவர்கள் நம் குழுவிலேயே இருக்கிறார்கள். நோய் குணமாகும் என்று ஒரு வரி உங்கள் பெயரில் வந்தால், எழுதியது யாராக இருந்தாலும், ஆள் வந்து நிற்பது உங்கள் கடை வாசலில்தான்.

ஞாயிறு காலை 10 மணிக்கு மேல் சும்மாதான் இருப்பேன். உங்கள் தளத்தை நான் படித்துப் பார்க்க வேண்டும் என்கிறவர்கள் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது. வாடிக்கையாளர்கள் கேட்ட பத்துக் கேள்விகளை எழுதிய தாள் கையில் இருக்க வேண்டும். தாள் இல்லாதவர்கள் பழையபடி வகுப்புக்கு வெளியே நில்லுங்கள்.